ஓதம் ஏறிய சுவரும் நான் போட்ட பூப்பாத்தியும்

படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றதை முதலில் பார்த்தவள் என் மகள்தான். விரலால் அழுத்தினாள். காய்ந்த சருகு போல நொறுங்கி விழுந்தது. உள்ளே மாவு தூவியது போல வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நான் அதைத் துணியால் துடைத்துவிட்டு, கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தி மறைத்தேன். ஆறு மாதம் அப்படியே போனது. அந்தச் சுவருக்காகச் செலவழித்த பணத்தைவிட, கட்டிலை நகர்த்தி மறைத்த அந்த ஆறு மாதம்தான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சொந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் எங்களுக்கு வந்த பெரிய செலவுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புரட்டிப் பார்த்தால் முக்கால்வாசிச் செலவு தண்ணீரால் வந்தது. திருட்டு இல்லை, தீ இல்லை, நிலநடுக்கம் இல்லை. நிற்கக் கூடாத இடத்தில் நின்ற தண்ணீர், போகக் கூடாத பக்கம் போன தண்ணீர். வீடு வாங்கும்போது அறை எத்தனை, வெளிச்சம் எப்படி, சாலை எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டோம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நானும் கேட்கவில்லை, என் கணவரும் கேட்கவில்லை.

கட்டிலுக்குப் பின்னால் வாடை வர ஆரம்பித்ததும் பெயின்டரைக் கூப்பிட்டோம். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஈரம் தாங்கும் பெயின்ட் என்று சொல்லி இரண்டு கோட் அடித்தார். நான்கு மாதம் சுவர் பளிச்சென்று இருந்தது. அப்புறம் முன்பு கறை இருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே புதிதாக ஒரு கோடு தெரிந்தது. இரண்டாவது முறை வேறொருவர் வந்தார். அவர் இன்னும் கெட்டியான ஒரு பூச்சு பூசினார். இந்த முறை ஓதம் இடுப்பு உயரம் ஏறியது. அலமாரியின் முதுகுப் பலகை கருத்துப் பூஞ்சை பிடித்தது.

ஏன் ஒவ்வொரு முறையும் மேலே ஏறுகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. செங்கல்லிலும் கலவையிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. திரி எண்ணெயை இழுப்பது போல அவை கீழே இருக்கும் ஈரத்தை மேலே இழுக்கும். சுவரின் முகத்தில் காற்றுப் பட்டால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். போகும்போது கரைந்து வந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். அதுதான் நாம் பார்க்கும் வெள்ளைப் பூப்பு. கெட்டியான பெயின்டைப் பூசி அந்த முகத்தை அடைத்தால் ஈரம் வெளியேற வழி தேடும். பெயின்ட் முடிகிற இடம் வரை மேலே ஏறும், அல்லது பெயின்டையே உந்தித் தள்ளும். ஆக, இரண்டு முறை பணம் கொடுத்து நான் ஈரத்தை மேலே ஏற்றியிருக்கிறேன்.

மூன்றாவதாக என் தம்பி ஒரு வயதான கொத்தனாரை அனுப்பி வைத்தான். அவர் வந்ததும் நான் படுக்கையறைக்குக் கூட்டிப் போகப் பார்த்தேன். அவர் உள்ளே வரவில்லை. வீட்டைச் சுற்றி வெளியே ஒரு நடை நடந்தார். படுக்கையறைக்கு நேர் வெளியே வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் பூப்பாத்தி மண்ணுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை முழுக்க ஈர மண் ஒட்டியிருந்தது.

“செவுத்தப் பாக்காதீங்கம்மா, மண்ணப் பாருங்க” என்றார்.

அந்தப் பாத்தி நான் ஆசை ஆசையாகப் போட்டது. குடிவந்த மூன்றாவது வருடம், ஜன்னலைத் திறந்தால் பூ தெரிய வேண்டும் என்று, சுவரை ஒட்டி ஒன்றரை அடி உயரத்துக்கு மண் கொட்டி, செங்கல் வரிசை வைத்து எழுப்பினேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். வீடு கட்டும்போது தரைமட்டத்துக்குச் சற்று மேலே, சுவரின் முழு அகலத்துக்கும் ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்கு வைப்பார்கள். வெளியே இருக்கும் மண் அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி, கீழே இருக்க வேண்டும். என் பாத்தி அந்த அடுக்கைத் தாண்டி ஓரடி மேலே ஏறி நின்றது. தடுப்பு அணை இருந்தது; நான் அதன் தலைக்கு மேலே மண்ணைக் கொட்டித் தண்ணீருக்குப் பாலம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எல்லா ஓதமும் வெளியிலிருந்து வருவது இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒரு முழம் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு, காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உள்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம் பக்கம் பார்க்கிற முகத்தில் நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம். குளிர்ந்த சுவரில் பட்டுப் படிகிறது. எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தது. படுக்கையறையில் உள்பக்கம் நனைந்தது. குளியலறைக்கு வெளியே இருக்கும் சுவரிலோ நம் பக்கம் நனைந்தது. குளியலறைக்கு நல்ல எக்ஸாஸ்ட் மின்விசிறி ஒன்று போட்டு, குளித்து முடித்து அரை மணி நேரம் அதை ஓட விட்டு, துணியை வீட்டுக்குள் காயப் போடுவதை நிறுத்தியதும் அந்தச் சுவர் தானாகச் சரியானது. அதற்குக் கொத்தனாரே தேவைப்படவில்லை. இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு துண்டுப் பிளாஸ்டிக் தாள். யார் எந்தப் பூச்சை விற்க வந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாத்தியை எடுக்க இரண்டு நாள் ஆனது. செடிகளை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்தபோது அழுகை வந்தது. வருடக்கணக்கில் வளர்த்த செடிகள் அவை. மண்ணை வாரியெடுத்த பிறகு தெரிந்த சுவர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. ஒரு மூலையில் கரையான் மண் குழாய் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்திருந்தது. சுவரை ஒட்டிய ஈர மண்ணும் மரத்தூளும் அதற்கு வசதியான வழி. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் அது கதவு நிலைக்குப் போயிருக்கும் என்றார் கொத்தனார்.

மண் எடுத்த இடத்தில் இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்பினோம். அதற்கு வெளியே தரையை வீட்டுக்கு எதிர்த் திசையில் சரிவாக்கினோம். முதல் 10 அடிக்குள் அரையடியாவது இறங்க வேண்டும் என்பது கணக்கு. பார்வைக்கு அது சரிவு என்றே தெரியாது. ஒரு பலகையும் மட்டக்கோலும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் தரை பல இடங்களில் வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. கட்டும்போது சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அஸ்திவாரத்துக்குத் தோண்டி மூடிய மண் வருடக்கணக்கில் அமுங்கும்; அமுங்கினால் சுவரோரம் பள்ளமாகும். எந்த வீட்டிலும் நடக்கும் விஷயம் இது.

அடுத்து வந்ததுதான் எனக்குக் கஷ்டமான பகுதி: காத்திருப்பது. உடனே பூசி, பெயின்ட் அடித்து முடித்துவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. நனைந்த சுவர் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும். எங்கள் சுவர் 9 அங்குலம். ஆகவே ஒன்பது மாதம் அந்தச் சுவர் பூச்சு இல்லாமல் செங்கல் தெரிய நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். வாரம் ஒரு முறை உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி, கீழே விழுந்ததை முறத்தில் அள்ளி வெளியே போட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது; கழுவினால் உப்பு மறுபடி கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். ஆறாவது மாதம் உப்பு வருவது குறைந்தது. எட்டாவது மாதம் நின்றது. பத்தாவது மாதம் சுண்ணாம்புக் கலவை பூசி, சுவர் மூச்சு விடுகிற மாதிரியான பெயின்ட் அடித்தோம். இன்றைக்கு நான்கு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் கை வைத்தால் சுவர் உலர்ந்து சொரசொரப்பாக இருக்கிறது. கட்டிலை இன்னும் பழைய இடத்தில்தான் போட்டிருக்கிறேன், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

அந்த அனுபவத்துக்குப் பிறகு மழை பெய்யும்போதெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டை நல்ல வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடை மழையில் பதினைந்து நிமிடம் நின்றால் அது எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கும்: எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடில் வடியும் நீர் வெளியே சொட்டுகிறதா, அல்லது உள்பக்கமாகச் சுவரோடு ஓடுகிறதா என்று. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு ராத்திரி 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். அவ்வளவும் இரண்டோ மூன்றோ குழாய் வழியாக இறங்கி எங்கே விழுகிறது? எங்கள் வீட்டில் ஒரு குழாய் நேராக அஸ்திவார மூலையில் விழுந்துகொண்டிருந்தது. ஆறடி நீளக் குழாய்த் துண்டு ஒன்றைச் சேர்த்து அந்தத் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினோம். அரை நாள் வேலை. எட்டு வருடம் அதைச் செய்யாமல் விட்டிருந்தோம்.

மொட்டை மாடிக்கும் ஒரு கணக்கு உண்டு. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் ஓரிடத்தில் தண்ணீர் நின்றால் அங்கே சரிவு போதவில்லை. சாக்பீஸால் அந்தத் தேக்கத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வையுங்கள். காய்ந்த பிறகு வேலைக்காரர் வந்து “எங்கேங்க?” என்று கேட்கும்போது அந்தக் கோடு பேசும். கைப்பிடிச் சுவர் விரிசலில் பறவை எச்சத்திலிருந்து ஏதாவது செடி முளைத்திருந்தால் இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிடுங்கள். விரல் தடிமனுக்கு வளர்ந்துவிட்டால் வேர் சுவரைப் பிளந்து உள்ளே இறங்கியிருக்கும். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும்.

விரிசல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கூடத்து ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் போனது. நான் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன். அதற்கும் ஒரு எளிய வழி இருக்கிறது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் எவ்வளவு அகலம் என்று அளந்து அதையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். நூலிழை போல இருந்து, அப்படியே நின்றுவிட்டால் அது பூச்சு காய்ந்ததில் வந்தது, கவலை இல்லை. 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருந்தாலோ கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். கொத்தனாரோ பெயின்டரோ அல்ல, பொறியாளர். எங்கள் விரிசல் நான்கு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. சுவரில் தேதிகள் வரிசையாக இருக்கின்றன. அதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

வீட்டுக்குள் இருக்கும் கசிவைக் கண்டுபிடிக்க மீட்டர் போதும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ராத்திரி படுக்கும் முன் தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் எழுந்து குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. எங்கள் வீட்டில் நகர்ந்தது. கழிவறை பிளஷ் தொட்டியில் கொஞ்சம் கலர்ப் பொடி போட்டு, அரை மணி நேரம் யாரையும் பயன்படுத்த விடாமல் வைத்துப் பார்த்தோம். கீழே கலர் இறங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். வினாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய், ஒரு துளிக்குக் கால் மில்லி என்று வைத்தால்கூட, நாளுக்கு 21 லிட்டருக்கு மேல் விரயமாக்கும். வருடத்துக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 7,900 லிட்டர்.

அப்படியே மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு ராத்திரி எங்கள் சமையலறைக் குழாய் இணைப்பு விட்டுப்போய் முழங்கால் நனைய நின்றோம். வால்வைத் தேடிக் கண்டுபிடித்தால் அது துருப்பிடித்து அசையவில்லை. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை அதைத் திருகி மூடித் திறக்கிறேன். மகளுக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் யார் தனியாக இருந்தாலும் அந்த வால்வை மூடத் தெரிய வேண்டும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். சுவர் வேலை வந்த நேரத்தில் எங்கள் கையில் பணம் இல்லை. வராமல் இல்லை, வந்ததையெல்லாம் வீட்டுக் கடனில் கட்டிக்கொண்டிருந்தோம். கடன் சீக்கிரம் முடிய வேண்டும் என்பது என் கணவருக்கு ஒரு வெறி மாதிரி. அதில் நியாயமும் இருக்கிறது. 20 வருடக் கடன், 9 சதவீத வட்டி என்றால், முதல் மாதத் தவணை 100 ரூபாயில் 83 ரூபாய் வட்டிக்குப் போகிறது, 17 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அசலில் பாதி தீர 14 வருடம் ஆகிறது. மொத்தமாகக் கட்டுவது வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே சுமார் மூன்றரை வருடம் முன்னால் கடன் முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் வெறி வரும்தான்.

ஆனால் கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்ப வராது. சுவர் வேலைக்கு நாங்கள் தனிநபர் கடன் வாங்கினோம். வீட்டுக் கடனைவிட அதற்கு வட்டி அதிகம். குறைந்த வட்டிக் கடனை அவசரமாக அடைத்துவிட்டு, அதே வருடம் கூடுதல் வட்டிக்கு இன்னொரு கடனில் போய் நின்றோம். எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது அப்போதுதான். சண்டை ஓய்ந்த பிறகு இருவரும் உட்கார்ந்து வரிசையை மாற்றினோம். முதலில் வீட்டுப் பராமரிப்புக்கு என்று தனிக் கணக்கு. வீட்டின் மதிப்பில் வருடத்துக்கு ஒரு சதவீதம் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள்; பழைய வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து, சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்குப் போகும்படி வைத்தோம். அது போக மிஞ்சுவதுதான் கடனுக்கு. சில வருடம் ஒன்றும் செலவாகாது, பணம் சும்மா கிடப்பது போலத் தோன்றும், எடுத்து வேறு எதற்காவது போடச் சொல்லும். எடுக்கக் கூடாது. மோட்டார் போகும் வருடம், மாடித் தளம் போடும் வருடம் வந்தே தீரும்.

காப்பீடு இருக்கிறதே என்று நானும் நம்பியிருந்தேன். ஓதச் சுவருக்கு விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள். கோபம் வந்தது. பத்திரத்தை எடுத்து முழுவதும் படித்த பிறகு கோபம் என் மேல் திரும்பியது. பொதுவாக வீட்டுக் காப்பீடு திடீரென்று, எதிர்பாராமல் நடப்பதற்குத்தான்: குழாய் வெடித்தது, மரம் சாய்ந்தது, தீப்பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வந்த சேதம், தேய்மானம், பராமரிக்காமல் விட்டது இவையெல்லாம் பெரும்பாலும் சேராது. படித்தபோது வேறொரு தவறும் கண்ணில் பட்டது. நாங்கள் வீட்டைப் பல வருடத்துக்கு முன்னிருந்த தொகைக்கே காப்பீடு செய்திருந்தோம். காப்பீட்டுத் தொகை வீட்டின் சந்தை விலையாக இருக்க வேண்டியதில்லை, மனை எரிந்துபோகாது. இன்றைக்கு அதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. பாதித் தொகைக்குக் காப்பீடு செய்துவிட்டு, கூரையில் ஒரு பகுதி மட்டும் சேதமானால், பல பத்திரங்களில் அந்தச் சேதத்திலும் பாதியைத்தான் கொடுப்பார்கள். தொகையைத் திருத்தினோம். அறை அறையாகப் போட்டோ எடுத்து, பொருள்களின் ரசீதுகளோடு சேர்த்து வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்திருக்கிறோம்.

வேலைக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். என்ன வேலை, என்ன பொருள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாடி வேலைக்கு மட்டும் கடைசித் தவணையை முதல் மழை பெய்த பிறகு தருவதாக எழுதினேன். நல்ல வேலைக்காரர் யாரும் அதற்கு மறுக்கவில்லை. மறுத்த ஒருவருக்கு நாங்கள் வேலை கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் கிழக்குப் பக்கச் சுவரும் நனைந்துகொண்டிருந்தது. மழையில் நின்று பார்த்தபோது அவர்கள் மாடிக் குழாய்த் தண்ணீர் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் விழுவது தெரிந்தது. என் கணவர் அப்போதே போய்க் கேட்கக் கிளம்பினார். நான்தான் நிறுத்தினேன். மூன்று மழைக்கு வீடியோ எடுத்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய், அந்த அக்காவிடம் போனைக் கொடுத்து, “அக்கா, இதப் பாருங்களேன்” என்றேன். பார்த்துவிட்டு அவர் என்னை உள்ளே கூட்டிப் போய் அவர்கள் சுவரைக் காட்டினார். அங்கேயும் அதே ஓதம். அவரும் மூன்று வருடமாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக எல்லையோரம் ஒரு வாய்க்கால் எடுக்க முடிவு செய்தோம். மண்வெட்டியைத் தூக்கும் முன் பத்திரத்தையும் வரைபடத்தையும் எடுத்து, சர்வேயரை வைத்து அளந்தோம். காம்பவுண்டுச் சுவர் எல்லையில் இல்லை. அரையடி எங்கள் மனைக்குள் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. முந்தைய உரிமையாளர் கட்டியது அது. வாங்கும்போது நாங்கள் அளக்காமல் விட்டது. இது தெரியாமல் தோண்டியிருந்தால் பின்னால் விற்கும்போது இரண்டு வீட்டுக்கும் தலைவலி. வாய்க்கால் யார் இடத்தில் போகிறது, செலவு எப்படிப் பிரிகிறது, தூர் வாருவது யார் பொறுப்பு என்று எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம். வீடு கைமாறினால் வருகிறவர் நம் நட்பைப் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார்.

தோட்டத்தை நான் விட்டுவிடவில்லை. புதுப் பாத்தி வீட்டுச் சுவரிலிருந்து எட்டடி தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. மாடிக் குழாயைத் திருப்பிய தண்ணீர் அங்கேதான் போகிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் மாற்றிவிட்டேன். இரண்டங்குலம் ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்ப்பேன். அங்கே ஈரம் இருந்தால் ஊற்றுவதில்லை. காய்ந்திருந்தால் காலையில் ஒரு தடவை, வேருக்கு இறங்கும்படி நிறைய ஊற்றுவேன். மேலோட்டமாகத் தினமும் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆழமாக ஊற்றினால் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். மண்ணுக்கு மேல் மூன்றங்குலம் காய்ந்த சருகு போர்த்தி வைத்திருக்கிறேன், தண்டைத் தொடாமல். அதனால் வெயில் நாட்களிலும் ஈரம் நிற்கிறது. மரம் நடுவதாக இருந்தால், அது முழு உயரம் வளர்ந்தபின் எவ்வளவு இருக்கும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற தூரத்தில், கழிவுநீர்க் குழாய் போகும் பாதையை விட்டு விலகி நட வேண்டும். குழாய் இணைப்பில் கொஞ்சம் கசிவு இருந்தால் போதும், வேர் அதைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்துவிடும்.

பழைய பாத்தியிலிருந்து பெயர்த்த செடிகளில் மூன்று பிழைக்கவில்லை. மீதி எல்லாம் புது இடத்தில் பிடித்துக்கொண்டன. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பூ இப்போதும் தெரிகிறது, கொஞ்சம் தள்ளி. நேற்று ராத்திரி நல்ல மழை. நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் அதற்குள் வெளியே போய்விட்டாள். டார்ச் வெளிச்சத்தில் ஜல்லிப் பட்டையோரம் குனிந்து பார்த்துவிட்டு, “தண்ணி நிக்கலம்மா” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.